வேம்புலியம்மாள் இல்லத்தில் ஒட்டிய நோட்டீஸ்

பட்டாபிராம்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், தம்பி லோகேஷும் நன்றாக இருக்கிறான், நீயும் அந்த வெளிநாட்டுக் குளிரில் காய்ச்சல் தலைவலி எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும். தம்பியைத் தனியாகச் சேர்த்து எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, இந்தக் கடிதமே அதற்காகத்தான். போனில் அவன் பேச்சை எடுத்தாலே நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், நானும் உடனே மழை, வெங்காய விலை என்று வேறு பக்கம் போய்விடுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

ஐப்பசி மழை இந்த வருஷம் நம் தெருவை விட்டுவைத்தது, ரயில்வே லைன் பக்கம்தான் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. அப்பாவின் முழங்காலைப் பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம், மாடிப்படி ஏறவே கூடாது என்றார், தலையாட்டிவிட்டு வந்த அப்பா அன்று மாலையே தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க மாடி ஏறினார். அத்தை திருமழிசையில் கட்டிய வீட்டுக்குத் தை மாதம் குடிபோகிறாள், உன்னிடம் நானே சொல்ல வேண்டுமாம், அவள் சொன்னால் நீ லீவு இல்லை என்பாயாம். நான் வழக்கம்போல காலை லோக்கலில் அம்பத்தூர் போய், கம்பெனி லேபில் பெயிண்ட் நிறம் போன மாதத்து நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். செய்தி இவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆவணியில் தம்பி மூன்றாவது குறுக்குத் தெருவில் விஜி ஆன்ட்டி காலி செய்த வீட்டுக்குப் போனபோது, கொஞ்ச நாள் இருந்து பார்க்கட்டும் என்று உன்னிடம் சொன்னேன். நீ அதைக் கேட்டுவிட்டு, வேண்டாம்மா, நான் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், உங்களுக்குப் பிறகு அவனை நான்தானே பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தாய். இருந்து பார்க்கிற பேச்செல்லாம் முடிந்துவிட்டது தேவி, அவன் அங்கேதான் இருக்கப் போகிறான். நாலு குடும்பம் சேர்ந்து அந்த வீட்டை எடுத்திருக்கிறோம். திருமழிசை எல்லம்மாவின் மகன் அருள் இருக்கிறான், சிறப்புப் பள்ளியில் தம்பியோடு படித்தவன், எந்நேரமும் விசில் அடிப்பானே அவன்தான். இன்னும் இரண்டு பையன்கள் ஆவடிப் பக்கம். கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள சொர்ணம் என்று ஒரு பெண்ணும் அவள் புருஷன் துலுக்கானமும். சொர்ணம் வந்த முதல் நாளே நாலு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, இன்னா நைனா, துன்ன தட்ட யாரு கழுவுறது, உங்க மாமியாரு வந்து கழுவுமா என்று கேட்டாளாம். இப்போது தம்பி தட்டு கழுவுகிறான். துணி மடிக்கிறான், மடிப்பது என்றால் அவன் பாணியில், சுருட்டி வைப்பது. காலையில் அருளோடு ஷேர் ஆட்டோ ஏறி அம்பத்தூர்ப் பயிற்சிப் பட்டறைக்குப் போய் ஸ்க்ரூ பாக்கெட் போட்டுவிட்டு சாயங்காலம் திரும்பிவிடுகிறான். அவனைப் பிரிந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்காதே. இரண்டு தெரு தள்ளி இருக்கிறான், எனக்கு இன்னும் உடம்பில் தெம்பு இருக்கும்போதே அவன் பழகிக்கொள்ளட்டும் என்றுதான் அனுப்பினேன், எனக்கு முடியாமல் போன பிறகு அனுப்பினால் அது தள்ளிவிடுவது ஆகிவிடும்.

ஆனால் தெருவுக்கு இது பிடிக்கவில்லை. முதலில் யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, பால் வாங்கப் போகிற இடத்தில் பேச்சு நின்றது, அவ்வளவுதான். அப்புறம் நகர் நலச் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள், பிள்ளையார் கோயில் ஹாலில், எங்களையும் வரச்சொல்லி. செயலாளர் வரதனை உனக்குத் தெரியும், அவர் வீட்டு வாசலையும் நினைவுபடுத்திக்கொள், கருங்கல்லில் தங்க எழுத்து போட்டு ‘வேம்புலியம்மாள் இல்லம்’ என்று தன் அம்மா பெயரைப் பொறித்திருக்கிறாரே, அந்த வீடுதான். கூட்டத்தில் முதலில் பேசியவர் அந்தப் பசங்க பாவம்தான் என்று ஆரம்பித்தார். பாவம் என்று ஆரம்பிக்கிற பேச்சு எங்கே போய் முடியும் என்பது எனக்கு இருபது வருஷப் பழக்கம், நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனநிலை சரியில்லாதவர்கள், ராத்திரியில் கத்தினால் என்ன செய்வது, பெண் பிள்ளைகள் டியூஷன் போகிற தெரு, நாளைக்கு மனையை விற்கப் போனால் யார் வாங்குவார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மூளை வளர்ச்சி பிந்துவதும் மனநோயும் ஒன்றல்ல, இரண்டில் எதுவானாலும் ஒரு மனிதருக்குத் தெருவில் இருக்க உரிமை உண்டு என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். வரதன் சட்டம் பேசினார். மேடம், உங்க புள்ள உங்க ஊட்ல இருந்தான், நாங்க யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டிருப்போமா, நாலு பேர ஒண்ணா சேத்து ஆள் போட்டுப் பாத்துக்கினா அது ஊடு இல்ல, இன்ஸ்டிடியூஷன், இது குடியிருப்பு மனை, ரூல்ஸ்ல இடமே இல்ல என்றார். அதற்கு நான் பதில் யோசிப்பதற்குள் எல்லம்மா எழுந்துவிட்டாள். அண்ணாத்தே, உங்க மாடில கம்பெனிப் பசங்க எட்டு பேரு கீறானுங்களே, பகல்ல நாலு பேரு தூங்கிகினு, ராத்திரி நாலு பேரு தூங்கிகினு, அது இன்னா, கல்யாண மண்டபமா என்று கேட்டாள். ஹால் முழுக்கச் சிரித்துவிட்டது. வரதன் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்காகவே மறுநாள் புகார் எழுதிக் கொடுத்திருப்பார் என்று அப்பா சொல்கிறார், எனக்கு அப்படித் தோன்றவில்லை, புகார் ஏற்கெனவே எழுதி சட்டைப் பையில் இருந்திருக்கும். நாம் இங்கே மனை வாங்க வந்தபோதும் அவர் இதே ரூல்ஸ் குரலில்தான் பேசினார். இந்த நகர் அவர் அப்பாவின் நிலம், உன் தாத்தா அதில் கூலிக்கு நாற்று நட்டவர், அதை அப்போது யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, பத்திரம் சரியில்லை, சாலை அகலம் சரியில்லை என்றுதான் சொன்னார்கள்.

புகாரில் ‘குடியிருப்புப் பகுதியில் அனுமதியின்றி இல்லம் நடத்தப்படுகிறது’ என்று மட்டும் இருந்தது, கதவு எண் போடவில்லை. நான் லீவு போட்டுவிட்டு நகரமைப்புப் பிரிவுக்குப் போய் விதியைக் கேட்டேன். அங்கே இருந்த அலுவலருக்கு மூன்று கட்டம்தான் தெரிகிறது, வீடு, விடுதி, நிறுவனம். வீடு என்றால் கேள்வி இல்லை, விடுதி என்றால் அளவு பார்ப்பார்கள், நிறுவனம் என்றால் சாலை அகலம், வண்டி நிறுத்தம், பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் விடவேண்டிய இடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள், விஜி ஆன்ட்டி வீட்டில் அதில் பாதிகூட இல்லை. எங்களை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டால் விதிப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், இப்படி நாலு பேர் சேர்ந்து இருந்தால் கட்டாயம் எங்களிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். பதிவு செய்துவிட்டால் நகரமைப்புக்காரர் நிறுவனம் என்பார், செய்யாவிட்டால் அவர்கள் சட்டவிரோதம் என்பார்கள். இதைச் சொன்னதும் அந்த அலுவலர், நல்ல மனிதர்தான், டீ வாங்கிக் கொடுத்தார், ஏம்மா இவ்ளோ கஷ்டம், திருமழிசைக்கு வெளியே ஹைவே பக்கம் ஒரு ஷெட்டு மாதிரி இடம் பார்த்தால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்றார். ஷெட்டில் இருக்க அவர்கள் சரக்கு இல்லை சார் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தேன். தம்பிக்குத் தெரிந்த முடிதிருத்தும் கடை இங்கே இருக்கிறது, அவன் கேட்காமலே ஒரு தேங்காய் பன் எடுத்து வைக்கிற பேக்கரி இங்கே இருக்கிறது, எந்த வீட்டு நாய் குரைக்கும் எது குரைக்காது என்பது அவனுக்கு இந்தத் தெருவில்தான் தெரியும். இதையெல்லாம் கற்க அவனுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று கூட நடந்த உனக்கே தெரியும். உன் ஊரில் தம்பி மாதிரிப் பிள்ளைகள் சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டில் இப்படி இருக்கிறார்கள் என்று நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. அங்கேயும் யாரோ ஒரு வரதன் முதலில் எழுதிக் கொடுத்திருப்பார், அந்தப் படம் உன்னிடம் இருக்காது.

இதற்குப் பிறகு நடந்ததை நீ நம்ப மாட்டாய். புகாரை விசாரிக்க ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வண்டியில் வந்திருக்கிறார்கள். தம்பி இருக்கிற வீட்டு வாசலில் போர்டு எதுவும் கிடையாது, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை, விஜி ஆன்ட்டி வீட்டு நம்பர் மட்டும் இருக்கிறது. அவர்கள் முனை டீக்கடையில், இங்க இல்லம்னு ஒண்ணு நடக்குதாமே, எங்க என்று கேட்டிருக்கிறார்கள். டீக்கடைக்காரர் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, தோ, கல்லுலயே எழுதிகீது பாரு சார், வேம்புலியம்மாள் இல்லம் என்று கையைக் காட்டிவிட்டார். வரதன் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வந்தவர்கள் கதவைத் தட்டினால் மாடியிலிருந்து நைட் ஷிப்ட் முடித்த பையன் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்திருக்கிறான், வட இந்தியப் பையன், தமிழ் அரைகுறை. எத்தனை பேர் என்றதற்கு எட்டு என்று விரலைக் காட்டினான், சொந்தக்காரர்களா என்றதற்கு இல்லை என்றான், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றதற்கு, ஓனர் சார் நல்லா பாத்துக்குறார் என்றான். அவ்வளவுதான், புகாரில் உள்ளது உண்மை என்று எழுதி, கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். சாயங்காலம் வரதன் வந்து பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் நம் வீடு வரை கேட்டது. இல்லம்னா இல்லமாய்யா, ஊருக்கு ஊரு எல்லா ஊட்லயும்தான் இல்லம்னு எழுதி வச்சிகீறான் என்று நடுத்தெருவில் நின்று கத்தினார். சொர்ணம் இரண்டு நாள் அடுப்படியில் நினைத்து நினைத்துச் சிரித்தாள், தம்பிக்குக் காரணம் புரியாவிட்டாலும் அவளுக்குத் துணையாக அவனும் சிரித்தான்.

மறுநாள் வரதன் அலுவலகத்துக்குப் போய் ஆள் மாறி ஒட்டிவிட்டீர்கள் என்றிருக்கிறார். மாறினது இருக்கட்டும், மாடியில் எட்டுப் பேர் இருப்பது நிஜம்தானே, வந்த நோட்டீசுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள், இன்னொரு வீட்டை அப்புறம் பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொன்னபடியே அந்த வாரமே எங்களுக்கும் ஒன்று வந்துவிட்டது. அப்பா அன்று குதித்தார், இதுதான் சமயம், நாமும் அவர் மேல் ஒரு புகார் கொடுப்போம், எட்டுப் பேரையும் காலி பண்ண வைப்போம் என்றார். நான் வேண்டாம் என்றேன். அந்தப் பையன்கள் யார் வம்புக்கும் போகாதவர்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள், அதுவும் எந்த விதியைச் சொல்லி அவர்களை இறக்குவார்களோ அதே விதி அடுத்த நாள் தம்பி வாசலுக்கு வரும், அதை நானே கூட்டிவந்து விட மாட்டேன் என்றேன். அப்பா ஒரு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தார், அப்புறம் சாப்பிட்டார்.

சனிக்கிழமை வரதனே வந்தார். நாம் வீடு கட்டிய நாளிலிருந்து நம் வாசல்படி ஏறாத மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்பா காபி கொடுத்தார், டம்ளரைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுக் குடித்தார். மேடம், வக்கீலு ஒண்ணு சொல்றான், எம் பையன் ஒண்ணு சொல்றான், நீங்க படிச்சவங்க, கரெக்ட்டா ஒரு பதில் எழுதிக் குடுங்க என்றார். எழுதித் தருகிறேன், ஆனால் அதே பதிலை நானும் கொடுப்பேன், கதவு எண்ணும் ஆட்களின் எண்ணிக்கையும்தான் மாறும், சம்மதமா என்று கேட்டேன். அவர் சுவரில் இருந்த உன் பட்டமளிப்புப் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதுங்க என்றார். உறவினர் அல்லாத சிலர் ஒரு வீட்டில் சேர்ந்து குடியிருந்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு, வேலைக்குப் போய்த் திரும்புவது குடியிருப்பே ஆகும், வியாபாரம் ஆகாது, அவர்களுக்கு உதவியாக ஒருவர் இருப்பதால் மட்டும் வீடு வேறொன்றாக மாறிவிடாது என்று எழுதினேன். படித்துவிட்டு, அந்த உறவினர் அல்லாத என்பதை மட்டும் எடுத்துடலாமே, ஒரு மாதிரி இருக்குது என்றார். எடுத்துவிடலாம், ஆனால் எட்டுப் பேரும் உங்கள் பிள்ளைகள் என்று எழுத வேண்டியிருக்கும் என்றேன். உள்ளே அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. உதவியாக ஒருவர் என்று வருகிற கடைசி வாக்கியத்தில் வரதனின் விரல் நின்றது, அவருக்கு அது தேவையே இல்லாத வாக்கியம், யாருக்காக எழுதியது என்று அவருக்குத் தெரியும். ஓனர் நல்லாப் பாத்துக்குறாருன்னு அந்தப் பையன் சொல்லித் தொலைச்சிருக்கானே, இதுவும் இருக்கட்டும் என்று முனகிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணைக்கு இரண்டு பேரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். அலுவலர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னங்க இது, ஒரே பதிலா இருக்கு, சார் நீங்கதானே இவங்க மேல கம்ப்ளெயின்ட் குடுத்தது என்றார். வரதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கம்ப்ளெயின்ட வாபஸ் வாங்குறேன்னு நான் சொல்லல, ஆனா எழுதிக் குடுத்தது என் கையெழுத்து, இல்லன்னு சொல்ல மாட்டேன் என்றார். எனக்கு அது போதும் என்று பட்டது. அலுவலர் நேராகத் தம்பி இருக்கிற வீட்டுக்கே வந்து பார்த்தார். நாலு கட்டில், ஒரு அடுப்பு, கொடியில் லுங்கிகள், அருள் அவருக்கும் விசில் அடித்துக் காட்டினான். இப்போதைக்குக் குடியிருப்பாகவே கொள்ளப்படுகிறது, ஆட்களைக் கூட்டக் கூடாது, தீயணைப்புக் கருவி வைக்க வேண்டும், வாசலில் சாய்தளம் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. பதிவு விஷயத்தை மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். இப்போதைக்கு என்ற வார்த்தையை நான் கவனிக்காமல் இல்லை. சங்கத்தில் சிலர் மேல்முறையீடு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், வரதன் இதுவரை போடவில்லை. அவர் மனம் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதே, மாடி வாடகை அவருக்கு முக்கியம். எனக்கு அவர் மனம் வேண்டாம், அவர் கையெழுத்து இந்தப் பக்கம் இருந்தால் சரி. மேலே எங்கே கூப்பிட்டாலும் போவேன், எத்தனை தடவை கூப்பிட்டாலும் போவேன், எனக்கு லீவு மிச்சம் இருக்கிறது. சாய்தளத்துக்குத் துலுக்கானம் நேற்றே மணல் கொட்டிவிட்டார்.

இன்று மதியம் தம்பி சாப்பிட வந்தான். வஞ்சிரம் வாங்கியிருந்தேன், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு அப்பா பக்கத்தில் படுத்துத் தூங்கினான். நாலு மணிக்கு எழுந்து முகம் கழுவிச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். இருடா, டீ குடித்துவிட்டுப் போ என்றால், ஊட்டுக்குப் போணும், இன்னிக்கு நான்தான் சப்பாத்தி தேய்க்கணும் என்றான். சொர்ணத்தின் பேச்சு அவன் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்போ இது என்னடா என்று கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். அவன் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, இது அம்மா ஊடு, அது என் ஊடு என்றான். அப்பா செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். நான் தெருமுனை வரை கூடப் போனேன், அங்கே, நீ போம்மா என்று கையை விடுவித்துக்கொண்டு தனியாக நடந்தான். அருளின் விசில் சத்தம் கேட்ட பிறகு திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகையால் தேவி, நீ வேலையை விட வேண்டாம். அவனுக்காகத் திரும்பி வருகிற அக்காவாக உன்னை நான் வளர்க்கவில்லை, அக்காவுக்காகக் காத்திருக்கிற தம்பியாக அவனும் இல்லை. தை மாதம் லீவில் வா, அத்தை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கும் போய்விடலாம். அவன் வீட்டுக்குப் போகும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போ, சொர்ணம் அதில் கண்டிப்பு. மற்றபடி நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி முழுக்க ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்காதே, தலைக்கு வாரம் ஒரு நாளாவது எண்ணெய் வை. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, தைரியத்தோடும் நல்ல உடம்போடும் பல்லாண்டு நன்றாக இருக்க அம்மாவும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். மறந்துவிடாதே, நம் வீட்டுப் பத்திரத்தில் உன் பெயரும் இருப்பதால், இந்த நகரில் மனை உள்ளவள் என்ற முறையில் மேல்முறையீட்டுக்கு எதிராக நீயும் ஒரு வரி எழுதி அனுப்பலாம் என்கிறார்கள், இந்த வாரமே கையெழுத்துப் போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் நாடும்
அம்மா
கலைவாணி